கம்பியை மாற்றவே இல்லை.. கிட்டாரைத் துடைக்கவும் இல்லை! உலகையே ஆட வைத்த ஜேம்ஸ் ஜேமர்சன் யார்?

'மை கேர்ள்' என்று ஒரு ஆங்கிலப் பாட்டு. 1964-ல் 'தி டெம்ப்டேஷன்ஸ்' என்ற அமெரிக்கக் குழு பாடியது. பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும், எங்கேயாவது ஒரு படத்திலோ, விளம்பரத்திலோ, ரீல்ஸிலோ கட்டாயம் கேட்டிருப்பீங்க.

அந்தப் பாட்டை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்க. முதலில் வருவது பாடகரின் குரல் இல்லை. ட்ரம்ஸும் இல்லை. நெஞ்சுக்கூட்டை உள்ளிருந்து தட்டுகிற மாதிரி கனமான ஒரு ஒலி.. டும், டும்டும். அதற்குப் பிறகுதான் கிட்டார், அதற்கும் பிறகுதான் குரல்.

அந்த 'டும்'மை வாசித்தவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவின் பாப் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாடல்களில் 20-க்கும் மேற்பட்டவற்றில் பேஸ் கிட்டார் வாசித்தவர் அவர்தான். ஆனால் அந்தப் பாடல்கள் ஹிட் ஆன காலத்தில் இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. பாட்டை வாங்கியவர்களுக்கும் அவரைத் தெரியாது.

இன்னொரு விஷயம். உலகில் எந்தக் கிட்டார் கடைக்காரரைக் கேட்டாலும் செய்யாதே என்று சொல்வதையெல்லாம் செய்தவர் அவர். கம்பி மாற்ற மாட்டார், துடைக்க மாட்டார், எண்ணெய் போட மாட்டார். அப்படி வைத்திருந்த ஒரே கிட்டாரில்தான் அந்த ஒலி பிறந்தது. அந்தக் கிட்டார் இன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதுவும் ஒரு கதை, கடைசியில் வருகிறது.

பேஸ் கிட்டார்னா என்ன?

சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி. பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கு. கம்பிகள் தடிமனானவை, நீளமானவை. அதனால் ஒலி ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். பாட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. வீட்டுக்குள் வந்தவர் யாரும் அஸ்திவாரத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் அது ஆடினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

1950-கள் வரை இந்த வேலையைச் செய்தது ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய மரப் பேஸ். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதே பெரும்பாடு. போய்ச் சேர்ந்தாலும், ட்ரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் சேர்ந்து ஒலிக்கும்போது இது யார் காதிலும் விழாது.

இதற்குத் தீர்வு கண்டவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 1951-ல் அவரது கம்பெனி 'பிரிசிஷன் பேஸ்' என்ற எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரப் பேஸில் சுருதி எங்கே என்பதை விரல் தானாகத் தேடிப் பிடிக்க வேண்டும். இதில் ஃப்ரெட் எனப்படும் உலோகக் கட்டைகள் பதித்திருந்ததால் விரலை வைத்த இடத்தில் சுருதி துல்லியமாகப் பேசியது. பிரிசிஷன் என்ற பெயரே அதனால்தான்.

எறும்புகளுக்குக் கச்சேரி

ஜேமர்சன் பிறந்தது 1936 ஜனவரி 29, அமெரிக்காவின் தெற்கே சவுத் கரோலினா மாகாணத்தில் உள்ள எடிஸ்டோ தீவில். பாட்டி பியானோ வாசிப்பார், அத்தை சர்ச்சில் பாடுவார். சின்னப் பையனாக இருந்தபோது மண்ணில் ஒரு குச்சியை நட்டு, அதில் ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி, எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் வைத்து மீட்டுவாராம். எறும்புகள் டான்ஸ் ஆடுவதற்காக! வளர்ந்த பிறகு அவர் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்.

தாய் வேலை தேடி வடக்கே கார் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட் நகருக்குப் போனார். 1954-ல் மகனும் அங்கே போய்ச் சேர்ந்தார். பள்ளியில் யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு மரப் பேஸை எடுத்தவர், பிறகு கீழே வைக்கவே இல்லை. ரே பிரௌன், பால் சேம்பர்ஸ் மாதிரியான ஜாஸ் பேஸ் மேதைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். இரவானால் டெட்ராய்ட் கிளப்புகளில் ஜாஸ், ப்ளூஸ் கச்சேரிகள்.

பள்ளி முடிந்ததும் ஜெர்மனியில் செய்த ஒரு மரப் பேஸை வாங்கினார். மேரி வெல்ஸ் பாடிய 'மை கய்' பாட்டில் நீங்கள் கேட்பது அந்தப் பேஸ்தான்.

பாம்புக் குழிக்குள்ளே

1959-ல் பெரி கார்டி என்பவர் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஒரு ரெக்கார்ட் கம்பெனி தொடங்கினார். பின்னாளில் 'மோடவுன்' என்று உலகமே அறிந்த கம்பெனி அதுதான். டெட்ராய்ட்டில் வெஸ்ட் கிராண்ட் புலவார்டு தெருவில் 2648-ம் எண் வீடு. அதன் பின்பக்கத்தில் இருந்த கராஜ்தான் ஸ்டூடியோ. கூரையிலிருந்து ஒயர்கள் பாம்பு பாம்பாகத் தொங்கியதால் அதற்கு 'ஸ்நேக்பிட்', அதாவது பாம்புக் குழி என்று பட்டப் பெயர் வைத்தார்கள் அங்கே வாசித்தவர்கள்.

ஒரு நாளைக்கு 22 மணி நேரம் திறந்திருக்கும் ஸ்டூடியோ அது. பாடகர்கள் மாறுவார்கள், வாசிப்பவர்கள் பெரும்பாலும் அதே கூட்டம். சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே.. யார் பாடினாலும் பின்னால் இருந்தது ஒரே குழு. 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று தங்களைச் சொல்லிக்கொண்ட அந்தக் குழுவில் கீழ்த்தளம் ஜேமர்சன்.

சம்பளம்? ஆரம்பத்தில் பாட்டுக்குச் சில டாலர்கள்தான். அதனால் மற்ற கம்பெனிகளுக்கும் ரகசியமாகப் போய் வாசித்துவிட்டு வருவார்கள். ஜாக்கி வில்சனின் 'ஹயர் அண்ட் ஹயர்' 1967-ல் பெரிய ஹிட். அது மோடவுன் பாட்டு இல்லை. ஆனால் அதில் உள்ள பேஸ் ஜேமர்சனுடையது. சிகாகோ போய் வாசித்துவிட்டு வந்தார்கள். ஜேமர்சனின் மதிப்பு தெரிந்த பிறகு, ஒரு கட்டத்தில் வாரத்துக்கு 1000 டாலர் வரை கொடுத்து மோடவுன் அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அன்றைக்கு அது நல்ல பணம். ஆனால் பெயர் மட்டும் வரவில்லை.

'ஃபங்க் மெஷின்'

இப்போது அந்தக் கிட்டாருக்கு வருவோம்.

மரப் பேஸிலேயே ஊறிய ஜேமர்சனுக்கு எலெக்ட்ரிக் பேஸ் மீது முதலில் அவ்வளவு ஆசை இல்லை. சக பேஸ் கலைஞர் ஒருவர் கொடுத்த கறுப்பு நிற பிரிசிஷன் பேஸில்தான் தொடங்கினார். அதற்கு 'பிளாக் பியூட்டி' என்று பெயர். அது திருடு போனது. அதற்குப் பிறகு கைக்கு வந்ததுதான் 1962 மாடல் பிரிசிஷன் பேஸ். நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கறுப்பும் கலந்த நிறம். ஆமை ஓடு டிசைனில் ஒரு பிளாஸ்டிக் தகடு. கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண மாடல். ஸ்பெஷலாக எதுவும் மாற்றவில்லை. கழுத்து உடலோடு சேரும் அடிப்பகுதியில் மட்டும் ஃபங்க் என்ற வார்த்தையைக் கீறி, நீல மையால் எழுதியிருந்தார். 'ஃபங்க் மெஷின்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அதில் உள்ள வால்யூம், டோன் இரண்டு திருகையும் முழுசாகத் திருப்பி வைத்துவிடுவார். அவ்ளோதான் செட்டிங்.

கம்பிகள் லா பெல்லா கம்பெனியின் தடித்த வகை. மெல்லிய கம்பி 0.052 அங்குலம், தடித்தது 0.110 அங்குலம். இந்தக் கம்பிகளை அறுந்தால் மட்டும்தான் மாற்றுவார். அறுந்ததை மட்டும்! மற்றபடி வருஷக்கணக்காக அதே கம்பி. வியர்வை, அழுக்கு, விரல் பிசுக்கு எல்லாம் அப்படியே இருக்கும். சுத்தம் பண்ணலாமே என்று யாராவது சொன்னால், அந்த அழுக்கில்தான் சவுண்டே இருக்கு என்பது அவர் பதில்.

கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியும் ரொம்ப அதிகம். அதாவது கம்பியை அழுத்தவே நல்ல பலம் வேண்டும். அவர் பேஸை வாங்கி வாசித்துப் பார்த்த மற்றவர்கள் கை வலித்துத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். மரப் பேஸின் முரட்டுக் கம்பிகளில் பழகிய விரல்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

அழுக்கில் சவுண்ட் இருக்குமா?

கேட்டால் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொன்னதில் நிஜமாகவே விஷயம் இருக்கு.

பேஸ் கம்பி என்பது ஒற்றைக் கம்பி இல்லை. நடுவில் ஒரு எஃகு இழை, அதைச் சுற்றி இன்னொரு கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் 'ரவுண்ட்வூண்ட்'. தொட்டால் சொரசொரவென்று இருக்கும், ஒலி பளிச்சென்று வரும், விரல் நகரும்போது கீச்சென்று சத்தமும் வரும். சுற்றும் கம்பி நாடா மாதிரி தட்டையாக இருந்தால் 'ஃப்ளாட்வூண்ட்'. வழவழவென்று இருக்கும். பளபளப்பு குறைவு, கனம் அதிகம். ஜேமர்சன் பயன்படுத்தியது இந்த இரண்டாவது ரகம்.

எந்தக் கம்பியாக இருந்தாலும் மீட்டும்போது ஒரே ஒரு அதிர்வு மட்டும் வருவதில்லை. அடிப்படைச் சுருதியோடு, அதற்கு மேலே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் அதிரும் மேல் சுருதிகளும் சேர்ந்து வரும். புதுக் கம்பியில் அந்த மேல் சுருதிகள் தூக்கலாகக் கேட்கும், அதனால்தான் புதுக் கம்பி கணகணவென்று இருக்கிறது. நாளாக ஆக, வியர்வையும் பிசுக்கும் சுருள்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து, அந்த மேல் அதிர்வுகளை அமுக்கிவிடும். மிஞ்சுவது அடிச் சுருதி. டிங் போய் டும் வந்துவிடும்.

இதில் இன்னொரு சின்ன சமாச்சாரமும் உண்டு. அந்தக் கால பிரிசிஷன் பேஸில் கம்பிகள் முடியும் இடத்தில் பளபளக்கும் ஒரு உலோக மூடி இருக்கும். அதற்குள் ஒரு பஞ்சுத் துண்டு. அது கம்பிகளை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். இதனால் மீட்டிய ஒலி நீண்டு இழுக்காது, தட்டிவிட்டுச் சட்டென்று அடங்கிவிடும். பெரும்பாலான வாசிப்பாளர்கள் தொந்தரவு என்று மூடியைக் கழற்றி எறிந்தார்கள். ஜேமர்சன் கழற்றவில்லை.

இந்த அடக்கம்தான் அவருக்குச் சுதந்திரம் கொடுத்தது என்பது என் கணிப்பு. ஒரு ஸ்வரம் உடனே அடங்கிவிட்டால்தானே அடுத்ததை நெருக்கமாகப் போட முடியும்? 1967-ல் வந்த ஃபோர் டாப்ஸின் 'பெர்னடெட்', ஸ்டீவி வொண்டரின் 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்' இரண்டையும் கேட்டால் புரியும். பேஸ் ஓடிக்கொண்டே இருக்கும், குதிக்கும், பாடகரோடு வாக்குவாதம் பண்ணும். ஆனால் எங்கேயும் குழம்பாது. பளிச்சென்று இழுக்கும் புதுக் கம்பியில் அத்தனை ஸ்வரங்களைப் போட்டால் பாட்டே சகதியாகிவிடும்.

அப்போ நம்ம பேஸையும் துடைக்க வேண்டாமா?

வீட்டில் பேஸ் கிட்டார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே அழுக்குச் சேர்க்க ஆரம்பிக்க வேண்டாம். இன்றைக்குக் கடைகளில் வாங்கும் பேஸ்களில் பெரும்பாலும் ரவுண்ட்வூண்ட் கம்பிதான் வருகிறது. அதில் அழுக்குச் சேர்ந்தால் டும் கிடைக்காது, செத்த சத்தம்தான் கிடைக்கும். கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறி, ஒரு ஃப்ரெட்டில் சரியாக இருக்கும் சுருதி இன்னொரு ஃப்ரெட்டில் விலகிப் போகும். நம்மூர் மாதிரி வியர்வை ஊரில் துருவும் பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பதுதான் சரி. செலவைக் குறைக்க, பழைய ரவுண்ட்வூண்ட் கம்பிகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்து, நன்றாகக் காய வைத்து மறுபடி போடுகிறவர்களும் உண்டு. கொஞ்ச நாளைக்குப் பளபளப்பு திரும்பும். ஃப்ளாட்வூண்ட் என்றால் தாராளமாகப் பல வருஷம் விடலாம்.

கழுத்து விஷயமும் அப்படித்தான். நான்கு தடித்த கம்பிகள் இழுக்கும் பலத்தில் மரக் கழுத்து மெல்ல முன்னால் வளையும். அதைச் சமாளிக்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி இருக்கும், 'ட்ரஸ் ராட்' என்பார்கள். அதைத் திருகி நேராக்கலாம். 1962 மாடலில் அந்தத் திருகு கழுத்தின் அடியில் இருந்தது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிக் கழுத்தைத் தனியாக எடுத்தால்தான் சரியாகத் திருக முடியும். கம்பியே மாற்றாத மனிதர் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்குவாரா என்ன?

25 வாட் ஆம்ப்.. அதுவும் ஸ்டூடியோவில் இல்லை!

பேஸ் வாசிப்பவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் பேச்சு ஆம்ப் பக்கம்தான் போகும். ஜேமர்சன் சின்ன கிளப்புகளில் பயன்படுத்தியது 'ஆம்பெக் பி-15'. 1960-ல் வந்தது. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, வெறும் 25 வாட். இன்று ஒரு பேஸ் வாசிப்பவர் மேடைக்கு 500 வாட் ஆம்ப் கொண்டு போவது சகஜம் என்பதை நினைத்துப் பாருங்க.

ஆம்பெக் என்ற பெயர் வந்த விதமும் சுவாரஸ்யம். மரப் பேஸ் தரையில் நிற்க அடியில் ஒரு முளை இருக்கும். அதற்குள் மைக் வைத்து ஒலியைப் பெருக்கும் யோசனையோடு எவரெட் ஹல் என்ற பேஸ் கலைஞர் தொடங்கிய கம்பெனி அது. ஒலி பெருக்கப்பட்ட முளை, ஆங்கிலத்தில் ஆம்ப்ளிஃபைட் பெக்.. சுருக்கினால் ஆம்பெக். பி-15 ஆம்பின் தலைப்பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம். காரில் ஏற்ற வசதி. பெரிய அரங்குகளில் இரண்டு 15 அங்குல ஸ்பீக்கர் வைத்த கஸ்டம் கம்பெனி ஆம்ப் வைத்துக்கொள்வார். எந்த ஆம்பாக இருந்தாலும் பேஸ் திருகு முழுசாக, ட்ரெபிள் பாதி.

ஆனால் ஸ்டூடியோவில் ஆம்பே இல்லை. மோடவுன் இன்ஜினியர்கள் செய்த ஏற்பாட்டில், அவரது பேஸின் ஒயர் நேராக ஒலிப்பதிவு மேஜைக்கே போனது. நெருக்கமான அறையில் ட்ரம்ஸும் பியானோவும் கிட்டார்களும் ஒன்றாக வாசிக்கும்போது பேஸ் ஒலி மற்ற மைக்குகளுக்குள் ஒழுகாமல் இருக்க இது நல்ல வழி. மேஜையில் ஒலி அளவைக் கொஞ்சம் தூக்கியே வைத்துக்கொள்வார்.

அது வால்வு காலம். பழைய வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கா? வால்வுக்குத் தாங்குவதைவிடச் சற்று அதிகமாக ஒலியை அனுப்பினால் அது கிழியாது. அலையின் உச்சியை மெல்ல மழுக்கும், கூடவே கொஞ்சம் மேல் சுருதிகளைச் சேர்க்கும். இதில் ஒரு லாபம் உண்டு. அன்றைக்குப் பெரும்பாலானவர்கள் மோடவுன் பாட்டைக் கேட்டது கார் ரேடியோவிலும் கையடக்க ட்ரான்சிஸ்டரிலும். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் ஆழமான பேஸ் சுருதியை எழுப்பவே முடியாது. ஆனால் அதன் மேல் சுருதிகள் காதில் விழுந்தால், விடுபட்ட அடிச் சுருதியை மூளையே நிரப்பிக்கொள்ளும். இன்று செல்போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்பதும் இப்படித்தான். மோடவுன் ஆட்கள் பாட்டை வெளியிடும் முன் கார் ஸ்பீக்கர் அளவு ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துவிட்டே முடிவு செய்வார்கள்.

ஒரே ஒரு விரல்

இத்தனையும் வாசித்தது வலது கையின் ஒரே விரலில் என்றால் நம்புவீங்களா? பேஸ் வாசிப்பவர்கள் வழக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். ஜேமர்சனுக்கு ஆள்காட்டி விரல் மட்டும்தான். 'தி ஹூக்', கொக்கி என்று அந்த விரலுக்கே பெயர். மரப் பேஸ் பழக்கம். ஒரே விரல் என்பதால் ஒவ்வொரு தட்டும் ஒரே தடிமனில் விழும்.

1970-ல் 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டைப் பதிவு செய்யும்போது ஜேமர்சன் இல்லாமல் முடியாது என்று மார்வின் கே பிடிவாதமாக நின்றார். தேடிப் பார்த்தால் ஜேமர்சன் ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார். அழைத்து வந்தார்கள். ஆனால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியாத அளவுக்குக் குடித்திருந்தார். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்ததாகச் சொல்லப்படுகிறது. வீட்டுக்குப் போனதும், இன்று ஒரு பெரிய படைப்பில் வாசித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னாராம்.

1971-ல் அந்த ஆல்பம் வந்தபோது, மோடவுன் வழக்கத்துக்கு மாறாக உறையில் வாசித்தவர்கள் பெயரும் வந்தது. ஜேமர்சன் பெயருக்கு முன்னால் நிகரற்றவர் என்ற அடைமொழி. அப்போது அவருக்கு 35 வயது. பன்னிரண்டு வருஷ உழைப்புக்குப் பிறகு கிடைத்த அங்கீகாரம் அது.

இந்தக் குடிக் கதையைப் பலரும் மேதையின் வீரக்கதை மாதிரி சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. அன்றைக்கே அது அவர் உடலைத் தின்றுகொண்டிருந்தது. ஃபங்க் பிரதர்ஸ் குழுவின் ட்ரம்மர், ஜேமர்சனின் நெருங்கிய தோழர் பென்னி பெஞ்சமின் 1969-லேயே போய்விட்டார். அந்த இழப்பு ஜேமர்சனைக் கடுமையாகப் பாதித்தது.

ஊர் மாறியது.. காலமும் மாறியது

1972-ல் மோடவுன் டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. ஸ்டூடியோ கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் விஷயமே தெரியவந்தது என்று ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்கள் பின்னாளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள். ஜேமர்சனும் குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 1973-ல் மோடவுனோடு இருந்த உறவு முடிந்தது.

வேலை உடனே நின்றுவிடவில்லை. 'ராக் த போட்', 'பூகி ஃபீவர்' போன்ற ஹிட்களில் அவர்தான் பேஸ். ஆனால் டெட்ராய்ட்டில் அவருக்கு என்ன வாசிக்க வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, அல்லது கொடுத்தாலும் அவர் தன் வழியில் போவார். லாஸ் ஏஞ்சல்ஸில் தினமும் வேறு ஆட்கள், வேறு ஸ்டூடியோ, காகிதத்தில் இருப்பதை வாசித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அதோடு ரசனையும் மாறியது. பளிச்சென்ற ரவுண்ட்வூண்ட் கம்பி, கட்டை விரலால் தட்டி இழுக்கும் 'ஸ்லாப்' முறை, புது எஃபெக்ட் கருவிகள், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் பேஸ் வரிகள். 15 வருஷத்துக்கு முன்னால் எந்தப் பழைய கம்பிக்காக அவரைத் தேடினார்களோ, அதே கம்பி இப்போது காலாவதி ஆகிவிட்டது. அவர் மாறவில்லை. பிடிவாதமா, தன் ஒலி மீது இருந்த நம்பிக்கையா என்றால், இரண்டும்தான். 80-கள் தொடங்கும்போது பெரிய வாய்ப்புகள் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. குடி மட்டும் நிற்கவில்லை.

பால்கனியில் ஒரு டிக்கெட்

1983 மார்ச் 25. கலிபோர்னியாவின் பாசடீனா நகர அரங்கில் மோடவுன் கம்பெனியின் 25-ம் ஆண்டு விழா. மைக்கேல் ஜாக்சன் முதன்முதலாக மேடையில் 'மூன்வாக்' நடந்து உலகை வாய்பிளக்க வைத்த அதே இரவு. மோடவுன் நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள்.

ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. பிளாக்கில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், பால்கனியில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார். மேடையில் பாடிய பழைய பாடல்கள் பலவற்றின் பேஸ் வரிகளை உருவாக்கியவர் பார்வையாளர் வரிசையில் இருக்கிறார் என்பது பக்கத்து சீட்காரருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு நான்கு மாதம்தான். ஜூலை கடைசியில் அவர் மோசமான நிலையில் இருந்தபோது, 'ஃபங்க் மெஷின்' திருடு போனது. சில நாட்களில், 1983 ஆகஸ்ட் 2 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஜேமர்சன் இறந்தார். கல்லீரல் சிதைவு, இதயச் செயலிழப்பு, நிமோனியா என்று எல்லாம் சேர்ந்து கொண்டது. வயது 47. உடல் டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டு உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

பெயர் வந்தது, பேஸ் வரவில்லை

1989-ல் ஆலன் ஸ்லட்ஸ்கி என்ற கிட்டார் கலைஞர் ஜேமர்சனின் வாழ்க்கையையும் அவரது பேஸ் வரிகளின் இசைக் குறிப்புகளையும் சேர்த்து ஒரு புத்தகம் எழுதினார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி உட்பட உலகின் பெரிய பேஸ் கலைஞர்கள் அதில் அவரைப் பற்றிப் பேசியிருந்தார்கள். அப்போதுதான் பலருக்கு, தாங்கள் சின்ன வயதில் காப்பியடித்துப் பழகிய வரிகள் எல்லாமே ஒரே ஆளுடையவை என்று உறைத்தது. 2000-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பின்னணிக் கலைஞர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே ஜேமர்சன் பெயர் இருந்தது. 2002-ல் அதே புத்தகத்தின் பெயரில் ஆவணப்படம் வந்தது. 2004-ல் ஃபங்க் பிரதர்ஸ் குழுவுக்கு கிராமியின் வாழ்நாள் சாதனை விருது.

லா பெல்லா கம்பெனி இன்று ஜேமர்சன் பெயரிலேயே 52 முதல் 110 வரையிலான ஃப்ளாட்வூண்ட் கம்பி செட் விற்கிறது. புதுக் கம்பியே வாங்காத மனிதர் பெயரில் புதுக் கம்பி! வெஸ்ட் கிராண்ட் புலவார்டு வீடு இப்போது மியூசியம். பாம்புக் குழியை உள்ளே போய்ப் பார்க்கலாம்.

'ஃபங்க் மெஷின்' மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. 1962 மாடல் பிரிசிஷன் பேஸ்கள் இன்று பழைய கிட்டார் சந்தையில் பெரிய விலைக்குக் கைமாறுகின்றன. திருடியவர் துடைத்து, புதுக் கம்பி போட்டு, கழுத்தைச் சரிசெய்து யாருக்காவது விற்றிருக்கலாம். வாங்கியவருக்கு அது யாருடையது என்று தெரியாமலே கைமாறிக்கொண்டிருக்கலாம். அடையாளம் ஒன்றுதான்.. கழுத்து முடியும் இடத்தில், நீல மையில் கீறிய நான்கு எழுத்து.